விதைக்கு முன்னால் கண்ணாடியைக் கழுவுங்கள்

குளிர் குறைந்து வெயில் கொஞ்சம் தலைகாட்டியதுமே கை விதைப் பொட்டலத்தைத்தான் தேடுகிறது. போன வருடம் அந்த அவசரத்தில் பசுமைக்குடிலைச் சுத்தம் செய்யாமலேயே தக்காளி விதைத்துவிட்டேன், நாற்று நான்கு இலை விட்ட நேரத்தில் இலைக்கு மேலே மஞ்சள் புள்ளிகள், திருப்பிப் பார்த்தால் மெல்லிய நூலாம்படை. செம்பேன், இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிசான உயிரி. குளிர்காலம் முழுக்கச் சட்டத்தின் இடுக்கிலும் நான் அள்ளாமல் விட்ட காய்ந்த செடிகளிலும் பதுங்கி இருந்திருக்கிறது. பாதி நாற்றுகளைப் பிடுங்கிப் போட வேண்டியதாகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் இந்த முறை முதலில் உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன், சருகுகூட மிச்சம் வைக்கவில்லை. அப்புறம் சோப்புத் தண்ணீரில் கண்ணாடியை உள்ளும் புறமும் கழுவினேன். இரண்டு கண்ணாடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில்தான் பாசி பிடித்திருக்கும், மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி இழுத்தால் வந்துவிடுகிறது. இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். பகல் இன்னும் குறைவாக இருக்கும் நாட்களில் அழுக்குக் கண்ணாடி இருக்கிற வெளிச்சத்தையும் தடுத்துவிடும், நாற்று வெளிச்சம் தேடி நெடுநெடுவென வளர்ந்து தண்டு மெலிந்து சாய்ந்துவிடும்.

தொட்டிகளையும் விதைத் தட்டுகளையும் 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசினேன். பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

சுத்தம் முடிந்ததும் உடனே விதைக்கவில்லை. இரவில் எவ்வளவு இறங்கியது, பகலில் எவ்வளவு ஏறியது என்று இரண்டையும் காட்டும் தெர்மாமீட்டரை மாட்டி ஒரு வாரம் கவனித்தேன். வெயில் அடித்த பகலில் 30 டிகிரி, அதே நாள் இரவில் 4! தக்காளி விதை நன்றாக முளைக்க 20 முதல் 25 டிகிரி வேண்டும், 10-க்குக் கீழே நாற்று அப்படியே நின்றுவிடும். குளிர்ந்த ஈர மண்ணில் நாற்றழுகல் வேறு வரும், தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும். மதியம் ஜன்னலைத் திறந்து, வெயில் இறங்கும் முன்பே மூடிவிடுகிறேன், அந்தச் சூடு கொஞ்ச நேரமாவது உள்ளே தங்குகிறது.

லெட்டூஸ் குளிரிலேயே முளைக்கும் என்பதால் அந்தத் தட்டு நேற்று குடிலுக்குள் போய்விட்டது. தக்காளியும் மிளகாயும் வீட்டு ஜன்னலோரம்தான். இரவு ஒரு வாரம் தொடர்ந்து 10-க்குக் கீழே இறங்காமல் இருக்கட்டும், தூக்கிக்கொண்டு போகிறேன்.