நாலாவது ஆளைப் பாருங்க

புனித வெள்ளி, சனி, ஈஸ்டர் ஞாயிறு என்று விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால் ஊட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது கோயம்புத்தூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போவோம். 2024 மார்ச் கடைசியில் நானும் போனேன். ஆனால் ஊட்டிக்கு இல்லை, கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு படுகர் ஊரில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு. அந்தச் சனிக்கிழமை, மார்ச் 30 அன்று, செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப். அதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதாகப் பேச்சு. "போன்ல பாக்கறதுக்கு எதுக்கு மலை ஏறணும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கல்லாறு தாண்டி பர்லியார் வரும்வரை வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். மக்களவைத் தேர்தல் நேரம் வேறு. பறக்கும் படை நிறுத்தி, பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பணக்கட்டு எதுவும் இல்லை, ஓடுகிற ஷூ இரண்டு ஜோடி.

"ஓட்டப்பந்தயமா சார்?"

"ஆமாங்க, பாக்கப் போறேன்."

"எங்க?"

"செர்பியால."

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜிப்பை மூடிக் கொடுத்தார்.

கிராஸ் கன்ட்ரி என்றால் பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே அன்று காலையில் ரோட்டில் ஓட விடுவார்களே, அதுதான் நம்மில் பலருக்கும் நினைவு வரும். உண்மையில் அது ரோட்டில் ஓடுவதே இல்லை. புல், சேறு, மணல், ஏற்றம், இறக்கம், இப்படி மண்ணோடு மல்லுக்கட்டுகிற ஓட்டம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவர்கள் விளையாடிய ஒரு வேட்டை விளையாட்டிலிருந்து வந்தது. ஒருவன் முயலாகக் காகிதத் துண்டுகளைச் சிதறவிட்டுக்கொண்டே முன்னால் ஓடுவான். மற்றவர்கள் வேட்டை நாய்களாகத் துரத்துவார்கள். இன்றைக்கும் அங்கே பல ஓட்டக் கிளப்புகளின் பெயரில் அந்த வேட்டை நாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை காலை நண்பரின் பைக்கில் வென்லாக் டவுன்ஸ் பக்கம் போனபோது இதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். ஏனென்றால் அந்தப் புல்மேடுகளில்தான் வெள்ளைக்காரர்கள் நிஜ நாய்களை வைத்துக் குதிரையில் நரி வேட்டை ஆடினார்கள். அவர்கள் ஊர்ச் செந்நரிக்குப் பதில் இங்கே குள்ளநரி, அவ்வளவுதான் வித்தியாசம். வேட்டை நின்றுபோனாலும் நாய்களையும் குதிரைகளையும் வைத்துக்கொண்டு அந்த வழக்கத்தை வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் பின்னாளிலும் விடாமல் வைத்திருந்தார்கள். வேட்டையின் குழந்தையான ஓட்டம் உலகம் முழுக்கப் போயிற்று. வேட்டை நடந்த மலைக்கு மட்டும் அது சரியாக வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

திரும்பும் வழியில் ஊட்டி ரேஸ்கோர்ஸ் ஓரம் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். பேருந்து நிலையத்தை ஒட்டி, ஊருக்கு நடுவே அவ்வளவு பெரிய பச்சை வட்டம். முதல் சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டி 1903இல் ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் பார்க் என்ற குதிரைப் பந்தய மைதானத்தில்தான் நடந்தது. உலகப் போட்டிகளில் வழக்கமாக இரண்டு கிலோமீட்டர் அளவில் ஒரு சுற்றுப்பாதை போட்டு, பெரியவர்களுக்கு 10 கிலோமீட்டர் என்றால் அதை ஐந்து முறை ஓட விடுவார்கள். இந்த ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். ஹாரன் சத்தத்துக்கு நடுவே நான் மனத்தில் பாதையே போட்டுவிட்டேன்: இங்கே தொடக்கக் கோடு, அந்த மூலையில் சேற்றுக் குழி, பார்வையாளர்கள் மேட்டில். அந்த ஜூன் மாதமே அரசு குத்தகை பாக்கிக்காக அந்த 52 ஏக்கரையும் கையகப்படுத்திவிட்டது. அங்கே பூங்கா வருமாம். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓரத்தில் ஒரு புல்பாதையை மட்டும் ஓடுகிறவர்களுக்கு விட்டுவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

உயரத்துக்கு இங்கே குறைவில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். உலக சாம்பியன்கள் கூட்டமாகப் பயிற்சி செய்யும் கென்யாவின் இட்டென் சுமார் 2,400. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவும் கிட்டத்தட்ட அதே உயரம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆக்சிஜன் பற்றவில்லை என்று சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரக்க, அதன் தூண்டுதலில் ரத்தச் சிவப்பணுக்கள் கூடும். அதற்கு வாரக்கணக்கில் தங்க வேண்டும். என்னைப் போல் வாரக்கடைசிக்கு வந்து போகிறவனுக்கு மூச்சிரைப்பு மட்டும்தான் மிச்சம். நம் நாட்டு நெடுந்தூர வீரர்கள் முகாம் போட்டு ஊட்டியில் ஓடியிருக்கிறார்கள். உள்ளூர்ப் பையன்களுக்கு இந்தக் காற்று பிறந்ததிலிருந்தே இலவசம்.

மாலை நண்பர் வீட்டுத் திண்ணையில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. கீழே பள்ளத்தாக்கில் கேரட் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஜன்னல் கம்பி என்பதால் போனை அங்கே கட்டி வைத்தோம். நண்பரின் பெரியப்பா, ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். போன மாதத் தினசரிக் காலண்டர் தாள்கள் ஒரு கத்தை, காதில் ஒரு பென்சில்.

பெண்கள் ஓட்டம் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் முன்னால் ஓடுகிற கென்யாவின் பீட்ரைஸ் செபெட்டைத்தான் பார்த்தோம். முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட்டில் அவர் ஜெயித்த விதம் மறக்கக்கூடியதா? எத்தியோப்பியாவின் லெடெசென்பெட் கிடே முன்னிலையில் இருந்தவர், கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் துவண்டு விழுந்தார். செபெட் பக்கத்தில் கடந்து போனார். விழுந்தவரை வெளியாட்கள் கைகொடுத்துத் தூக்கியதால் கிடே தகுதி நீக்கமும் ஆனார்.

மாஸ்டர் பென்சிலால் என் முழங்காலைத் தட்டினார். "முதல் ஆளைப் பாக்காதீங்க தம்பி. அது கேமராக்காரன் பாத்துக்குவான். நாலாவது ஆளைப் பாருங்க."

கணக்கு இதுதான். ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம். முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். எந்த அணிக்குக் கூட்டுத்தொகை குறைவோ அதற்குத் தங்கம். நேரத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. பாதைக்குப் பாதை மண் மாறும்போது நேரத்தை எதோடு ஒப்பிடுவது? ஒரு நாட்டின் நட்சத்திரம் முதலாவதாக வந்து, நாலாவது ஆள் அறுபதாவது வந்தால் அணி அம்போ. சாலை மாரத்தானில் நாற்பதாவது இடத்தில் வருகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே அவர் ஒருவரைத் தாண்டினால் நாட்டுக்கு ஒரு புள்ளி லாபம். பதக்கம் அந்தப் புள்ளியில் கைமாறும்.

பெல்கிரேடில் கென்யப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அன்றைய முடிவின்படி செபெட் முதலிடம், லிலியன் ரெங்கெருக் இரண்டு, மார்கரெட் கிப்கெம்பாய் மூன்று, இம்மாகுலேட் அன்யாங்கோ நான்கு. மாஸ்டர் காலண்டர் தாளில் ஒன்றும் இரண்டும் மூன்றும் நாலும் எழுதிக் கூட்டி, பத்தைச் சுற்றி வட்டம் போட்டார். அதற்குக் கீழே ஒரு கூட்டுத்தொகை இருக்கவே முடியாது. அதோடு முடியவில்லை. ஐந்தாவதும் கென்யர்தான், ஆக்னஸ் ஙெடிச். அந்த ஜனவரியில்தான் வலென்சியாவில் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை 28 நிமிடம் 46 விநாடியில் முடித்து உலக சாதனை செய்தவர். அவருடைய ஐந்து கணக்கில் சேரவே இல்லை!

"உலக ரெக்கார்டு வெச்சிருக்கற பொண்ணு ஸ்டெப்னி டயர் ஆயிருச்சு பாருங்க" என்று மாஸ்டர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

ஆண்கள் ஓட்டத்தில் உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ, எல்கான் மலைப்பக்கத்துக்காரர், பாத்தர்ஸ்ட்டில் ஜெயித்ததுபோலவே இங்கேயும் ஜெயித்தார். எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி போன முறை போலவே இரண்டாவது. பாவம், அந்த மனிதர். மூன்றாவது கென்யாவின் பென்சன் கிப்லங்காட். முதலில் வந்தவர் உகாண்டாக்காரர், அணித் தங்கமோ கென்யாவுக்கு. மாஸ்டர் சொன்னது அப்படியே நடந்தது.

எனக்கு வேறொன்று உறைத்தது. கிப்லிமோ எடுத்துக்கொண்டது 28 நிமிடம் 9 விநாடி. தடகள மைதானத்தில் 10,000 மீட்டரில் நம் சுரேந்திர சிங் 2008இல் செய்த 28 நிமிடம் 2.89 விநாடிதான் 16 ஆண்டுகள் தேசிய சாதனையாக இருந்தது. பெல்கிரேடுக்கு இரண்டு வாரம் முன்புதான் குல்வீர் சிங் அமெரிக்காவில் 27 நிமிடம் 41.81 விநாடியில் ஓடி அதை உடைத்திருந்தார். அதாவது நாம் பதினாறு வருடம் சமதளத்தில் கட்டிக் காத்த நேரத்துக்குப் பக்கத்தில், புல்லில் ஏறி இறங்கி, ஆட்களை இடித்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற நம் மலை ரயில் ஐந்து மணி நேரம் பக்கம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு மடங்குக்கும் மேலே!

கூட்டத்தில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற பையன் ஒருவன், "அப்ப விழுந்தா அவ்ளோதானா மாஸ்டர்?" என்றான். அவன் மனத்தில் இன்னும் கிடே விழுந்த கதைதான் ஓடிக்கொண்டிருந்தது போல. மாஸ்டர் 2017இல் உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த உலகப் போட்டியைச் சொன்னார். சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரத்தில் ஜோஷுவா செப்டெகெய் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். கடைசிச் சுற்றில் கால்கள் பின்னிக்கொண்டன. ஜெயிக்க வேண்டியவர் 30ஆவது. இரண்டு வருடம் கழித்து டென்மார்க்கின் ஆர்ஹூஸில், புல் வளர்த்த அருங்காட்சியகக் கூரைமேல் ஏற விட்டார்களே, அந்தப் போட்டியில் அதே செப்டெகெய் உலக சாம்பியன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கவலை.

ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் அறிவித்துவிட்டார்: காலையில் மேலூர் கீழூர் போட்டி, அணிக்கு நாலு பேர், நாலு பேரையும் கூட்ட வேண்டும். கீழூரில் ஒரு ஆள் குறைவு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

விடிந்தும் விடியாமலும் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் நின்றோம். பனி முழங்கால்வரை நனைத்தது. பையன்கள் முதலில் ஓடவில்லை, கையைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். கரடியோ காட்டெருமையோ தேயிலைக்குள் படுத்திருந்தால் விலகிப் போகட்டும் என்று. அப்புறம் மாஸ்டர் விசில் ஊதினார்.

முதல் ஏற்றத்திலேயே என் நுரையீரல் கோயம்புத்தூருக்குத் திரும்பக் கிளம்பிவிட்டது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடிகளின் குச்சி நுனிகள் முழங்காலில் கீறின. ஓடை தாண்டும் இடத்தில் சேறு ஷூவைக் கவ்வி இழுத்தது. போலீஸ் தேர்வுப் பையன் எங்கோ முன்னால் போய்விட்டான். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் மேலூரின் கடைசி ஆள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவே ஓட வந்திருந்த ஒல்லிப் பையன். நானும் அவனும்தான் கடைசி. ஜெயிப்பது தோற்பதெல்லாம் முன்னால் முடிந்துபோயிருக்கும் என்று நினைத்து, கடைசி மேட்டில் நடந்தேன்.

மேலே கோயில் முன்பு மாஸ்டர் தாளோடு நின்றார். மேலூர்: ஒன்று, நாலு, ஆறு, ஏழு. கூட்டினால் 18. கீழூர்: இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. அதுவும் 18.

"டை!" என்று கத்தினான் போலீஸ் தேர்வுப் பையன்.

"டை எல்லாம் கிடையாது," என்றார் மாஸ்டர். "சமமா வந்தா எந்த டீமோட நாலாவது ஆள் முன்னாடி வந்தானோ அவங்க ஜெயிச்சாங்க. இன்டர்நேஷனல் ரூல்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தப் பொடியனைத் தாண்டியிருந்தா பதினேழுக்குப் பத்தொன்பது தம்பி. கப்பு நமக்கு."

கீழூரின் மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்கள். ஒல்லிப் பையன் மட்டும் குனிந்து ஷூ லேஸைக் கழற்றியபடியே, "அங்கிள் நடக்கறதப் பாத்துட்டுதான் நான் கடைசில ஓடுனேன்" என்றான். தோற்ற அணிதான் டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். எட்டுப் பேருக்கும் மாஸ்டருக்கும் நான்தான் கொடுத்தேன். அவர் இரண்டாவது டீயும் கேட்டார்.