அம்மாயியின் பாஸ்போர்ட்டும் சாஸ்திரியும்

2024 அக்டோபர் 2, புதன்

இன்று காந்தி ஜெயந்தி. லால் பகதூர் சாஸ்திரிக்கும் இன்றுதான் பிறந்தநாள் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் மறக்க முடியாது. நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் "சிறிமா - சாஸ்திரி" என்று ஒரே மூச்சில் சொல்லும். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் அது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த எங்கள் ஆட்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பிரித்தது. பெரியவர்களுக்கு அது "அக்ரிமெண்ட்". "அக்ரிமெண்டுல வந்தோம்" என்பார்கள், ஏதோ பஸ்ஸில் வந்ததுபோல.

இந்த மாதம் 30ஆம் தேதியோடு அந்த ஒப்பந்தத்துக்கு 60 வயது. கையெழுத்துப் போட்ட மனிதர் யார் என்று முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. படிக்கப் படிக்க இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

1904இல் முகல்சராயில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர், பிறகு அலகாபாத்தில் வருவாய்த்துறை குமாஸ்தா. பிள்ளைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் பிளேக் நோயில் போய்விட்டார். அம்மா ராம்துலாரி தேவி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். ஆக, அவரும் தாத்தா வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். நானும் அப்படித்தான், அதனால் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பெயரைப் பற்றி ஒன்று. "சாஸ்திரி" என்றதும் நம்மூர் வழக்கப்படி பிராமணர் என்று நினைத்துவிடுவோம். அது சாதிப் பெயர் இல்லை. ஸ்ரீவாஸ்தவா என்ற சாதிப் பெயரை அவர் விட்டுவிட்டார். 1921இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி, பிறகு காசி வித்யாபீடத்தில் படித்து 1925இல் வாங்கிய பட்டம்தான் சாஸ்திரி. 1928இல் லலிதா தேவியோடு கல்யாணம். சீர் என்று அவர் வாங்கிக்கொண்டது ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும்தான்.

பிறகு சிறை, வெளியே, மறுபடி சிறை. எல்லாம் கூட்டினால் பல வருஷம்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. அம்மாயி, என் அம்மாவின் அம்மா, முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் உள்ள எண்ணிக்கைகளை வாசித்துக் காட்டினேன்.

இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். எல்லாம் முடிய 15 வருஷம். ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நாலு பேருக்கு அங்கே குடியுரிமை, இதுதான் விகிதம்.

அம்மாயி முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இதுல நான் எந்தக் கணக்கு?"

"அஞ்சேகால் லட்சத்துல."

"அப்ப அக்கா மூணு லட்சமா?"

ஆமாம். அம்மாயியின் அக்கா கல்யாணமாகிப் போன வீட்டில் இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அம்மாயி போன வீட்டில் இந்தியாவுக்கு. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த இரண்டு பேர். 1975இல் அம்மாயி கோச்சி, அதாவது ரயில், ஏறியபோது அக்கா தலவாக்கலை ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தாராம். பிறகு தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம்.

1948இல் குடியுரிமையைப் பறித்தது இலங்கைச் சட்டம். அந்தப் பாவம் சாஸ்திரியுடையது இல்லை. இவர்கள் எல்லாரையும் இந்தியா ஏற்க வேண்டும் என்ற பேச்சுக்கு நேரு கடைசிவரை இணங்கவில்லை. பிரதமராகி ஐந்து மாதம்கூட ஆகாத சாஸ்திரி பாதிக்கு மேற்பட்டவர்களை ஏற்க இணங்கினார். சீனப் போருக்குப் பிறகு அண்டை நாடுகளோடு பகை வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அது புரிகிறது. ஆனால் டெல்லியில் அந்த மேசைக்கு முன்னால் தோட்டத்து ஆள் ஒருவரும் இல்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், எங்களைக் கேட்காமல் எங்களைப் பங்கு போட்டுவிட்டார்கள் என்று எதிர்த்தது. பின்னால் விண்ணப்பம் கேட்டபோது இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்கள் ஒதுக்கிய மூன்று லட்சத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

ஒப்பந்தத்துக்கு மறுநாள், 1964 அக்டோபர் 31, சாஸ்திரி எங்கே இருந்தார் என்று தேடினேன். குஜராத்தில் ஆனந்த் பக்கம், பால் கூட்டுறவின் மாட்டுத்தீவன ஆலைத் திறப்பு விழாவில். அந்தப் பயணத்தில் அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கியிருக்கிறார். பாதுகாப்புப் பரிவாரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊர்க்காரர்களோடு இரவு வெகுநேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். எத்தனை எருமை, பாலுக்கு என்ன விலை, மேல்சாதிக்காரரும் மற்றவர்களும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் 1965இல் வந்த தேசிய பால்வள வாரியம். ஆனந்த் மாதிரியை நாடு முழுக்கக் கொண்டுபோங்கள் என்று அந்தப் பால் கூட்டுறவை நடத்திய குரியனிடம் கேட்டுக்கொண்டவர் அவரே.

ஒரு மனிதனின் கணக்கைக் கேட்கத் தெரிந்தவர். தரையில் உட்கார்ந்து கேட்டவர். அப்படி ஒரே ஒரு ராத்திரி தலவாக்கலையில் ஒரு லயத்தில் தங்கியிருந்தால்? பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன் விடியற்காலையில் எங்கள் பாட்டனிடம், "நீங்க எங்க இருக்க விரும்புறீங்க?" என்று கேட்டிருந்தால்? அவர் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். நல்லவர் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு இது அதிகமாக வலிக்கிறது.

நவம்பர் 23, சனி

அரியலூர் ரயில் விபத்து நாள். 1956இல் இதே தேதி விடியற்காலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாஸ்திரி அப்போது ரயில்வே அமைச்சர். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்து நேரு ஏற்கவில்லை. இந்த முறை விடவில்லை. அரித்துப்போன பாலத்துக்கு அமைச்சர் என்ன செய்வார் என்று அன்றும் கேட்டார்கள். அவர் போய்விட்டார்.

முன்பின் தெரியாத தமிழ்க் குடும்பங்களின் சாவுக்காகப் பதவியை விட்டவர். எட்டு வருஷத்துக்குப் பிறகு முன்பின் தெரியாத தமிழ்க் குடும்பங்களின் ஊரை மாற்றி எழுதியவரும் அவரே. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க முடிகிறது.

டிசம்பர் 23, திங்கள்

1964இல் நேற்று இரவுதான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, இலங்கைக் கப்பலுக்கு ரயில் போய்ச் சேரும் இடமே கடலுக்குள் போய்விட்டது. அதனால்தான் எங்கள் ஆட்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

இன்று திங்கள்கிழமை என்பதால் இன்னொன்று. 1965இல் உணவுப் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. திங்கள் இரவு ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி கேட்டார். தன் வீட்டில் முதலில் செய்து பார்த்த பிறகுதான் ஊரைக் கேட்டார் என்று சொல்வார்கள். அதோடு நிற்கவில்லை. நம் சி. சுப்பிரமணியத்தை உணவுத்துறைக்குக் கொண்டுவந்து, புதிய கோதுமை விதைகளுக்குத் துணை நின்றார். பசுமைப் புரட்சியின் புகழ் பின்னால் வந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே சுப்பிரமணியம், இந்தித் திணிப்பை எதிர்த்து இங்கே பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த 1965 பிப்ரவரியில் ராஜினாமா கொடுத்தார். அன்றிரவு சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு தந்த வாக்கைக் காப்பேன் என்றார். அப்போது மட்டும் தமிழ்க் குரல் டெல்லிக்குக் கேட்டது. ஓட்டுள்ள தமிழர்களின் குரல்.

2025 ஜனவரி 11, சனி

19 மாதம்தான் பிரதமர். பாகிஸ்தானோடு போர், "ஜெய் ஜவான் ஜெய் கிசான்", பிறகு தாஷ்கண்ட். 1966 ஜனவரி 10 அயூப்கானோடு ஒப்பந்தம், அன்று நள்ளிரவு தாண்டி மாரடைப்பு. 61 வயது. சவப்பெட்டியை விமானத்துக்குத் தூக்கியவர்களில் அயூப்கானும் ஒருவர், நாலு மாதம் முன்னால் போர் செய்தவர். ஃபியட் கார் வாங்க வங்கியில் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன் பாக்கி இருந்தது. அதை லலிதா தேவி பென்ஷனில் கட்டி முடித்தார்.

இதையெல்லாம் அம்மாயியிடம் சொன்னேன். "சம்சாரம் கூடப் போகலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தன் அம்மா தலவாக்கலையில் செத்த செய்தி கடுதாசியாக இங்கே வந்து சேர இருபது நாள் ஆனதைச் சொன்னார். அதுவும் எனக்குப் புதிது.

டிரங்குப் பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். ஓரம் கரையான் அரித்திருக்கிறது. படத்தில் அம்மாயி, தாத்தா, மடியில் இரண்டு வயசு அம்மா. மூன்று பேரும் கேமராவைப் பார்க்கவில்லை, வலது பக்கம் எதையோ பார்க்கிறார்கள். யார் நின்றார்கள் என்று கேட்டேன்.

"அக்காதான்."

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பொங்கலுக்கு என்ன எடுத்தாய் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.