பத்துச் சக்கர வண்டியும் தொப்பூர் இறக்கமும்

ஆறு ஆண்டுகள் நாமக்கல்லைச் சுற்றியே குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்த நான், சென்ற மாதம் கனரக உரிமம் கைக்கு வந்ததும் ஊரிலேயே ஒரு லாரி அலுவலகத்தில் சேர்ந்தேன். வடநாட்டு ட்ரிப் எதுவும் இல்லை. கர்நாடகம், ஆந்திரம், கேரளம் வரைதான் ஓட்டம். வாரத்தில் ஒன்றிரண்டு இரவாவது வீட்டில் படுக்கலாம் என்பதற்காகவே இந்த வேலையைத் தேடிப் பிடித்தேன்.

முதல் நீண்ட ஓட்டம் தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வருவது. நாமக்கல்லின் கோழித் தீவன ஆலைகளுக்குக் கர்நாடகச் சோளம் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர வண்டி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம் என்பது 2018-க்குப் பிந்தைய விதி. எடைமேடையில் அதற்குள் நிற்கும்படி பார்த்து, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி முடிக்கவே ஒரு பகல் ஓடிவிட்டது. என்னோடு வந்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டியரிங் பிடித்த மூத்த ஓட்டுநர். அண்ணன் என்றே அழைக்கிறேன். புறப்படும் முன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி ஓசை கேட்டுக்கொண்டே வந்தவர், உள்பக்க டயர் ஒன்றின் அருகே என்னை நிறுத்தி, "இந்தச் சத்தத்தையும் பக்கத்து டயர் சத்தத்தையும் கேளுங்க தம்பி" என்றார். ஒன்று கணீரென்றது, மற்றது மொத்தென்றது. காற்று குறைந்திருந்தது.

தும்கூர் வழியாக வந்து, நைஸ் ரோட்டில் பெங்களூரைச் சுற்றி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று இறங்கிவரும் இந்த வழி ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சரக்கோடு கொண்டுபோக வேண்டிய இணையவழிச் சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் மூன்று நாள் செல்லும் என்பதால், காகிதத்தின்படி அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை. அவசரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. எங்கள் அலுவலகத்தில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று கணக்கிட்டு டீசல் தருகிறார்கள்; மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் ஓட்டுநருக்கு, கூடுதலாகச் செலவானால் சம்பளத்தில் பிடித்தம். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான், தருமபுரியைத் தாண்டிப் பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்ததும் தொப்பூர் கணவாயில், டீசல் மிச்சமாகும் என்ற நினைப்பில், பலருடைய கையை என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் நியூட்ரலுக்குக் கொண்டுபோகிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சேலம் நோக்கிய அந்த இறக்கத்தில், இரட்டைப் பாலத்தின் அருகே நடந்த விபத்துகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்காதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. நியூட்ரலில் விட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. என்ஜினின் தடையும் இல்லை, புகை வெளியேறும் வழியை அடைத்து அந்தத் தடையைக் கூட்டும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. மிதிக்க மிதிக்க, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறி, அதில் உரசும் லைனிங் பிடிப்பை இழக்கும். அடிக்கடி மிதிப்பதால் பிரேக்கை இயக்கும் காற்றழுத்தமும் இறங்கும். என்ஜின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரசர் அதை விரைவாக நிரப்பித் தராது. இத்தனையும் டீசலுக்காக என்றால், அந்த டீசலும் மிச்சமாவதில்லை. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்றைய என்ஜின்கள், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் டீசல் செல்வதையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருப்பதற்காகக் குடித்துக்கொண்டே இருக்கும். இதை ஒவ்வொரு லாரி அலுவலகமும் ஓட்டுநர்களை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். எனக்கு அலுவலகத்தில் எவரும் சொல்லவில்லை, அண்ணன்தான் சொன்னார்.

"ஏறுறப்ப எந்தக் கியர் கேக்குமோ, எறங்குறப்பவும் அதே கியர்தானுங்க தம்பி. இறக்கத்துக்கு முன்னாடியே போட்டுருங்க, நடுவுல தேடாதீங்க" என்றார். மூன்றாவது கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கின் உறுமலோடு, காற்றழுத்த முள்ளை ஒரு கண்ணால் பார்த்தபடி இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். வெட்கமாகவும் இருந்தது, கால் நடுங்கவும் செய்தது. எங்களைத் தாண்டி ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி என்ஜின் சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு போனது.

கணவாய் முடிந்து சாலை சமமான இடத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். அண்ணன் என் கையைப் பிடித்துப் புறங்கையைப் பின்சக்கரத்தின் டிரம் அருகே, தொடாமல், கொண்டுபோனார். வெதுவெதுப்புதான் இருந்தது. நாலு வண்டி தள்ளி அந்தப் பன்னிரண்டு சக்கர வண்டி நின்றிருந்தது. அதன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருக்க, கருகிய லைனிங் நாற்றம் டீ மணத்தையும் மீறி வந்தது. அதன் ஓட்டுநர், என் வயதுதான் இருக்கும், ஒரு குடத்துத் தண்ணீரோடு நின்றார். அண்ணன் ஓடிப்போய், சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்று தடுத்து, ஆறும்வரை அவரையும் எங்களோடு உட்காரவைத்தார். அவருக்கும் இதே டீசல் கணக்குத்தானாம்.

நாமக்கல்லில் சோளத்தை இறக்கிவிட்டு டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது, எனக்கு ஒன்பது லிட்டர் மிச்சம் இருந்தது. அந்தச் சீட்டை மேலாளரிடம் கொடுத்து, தொப்பூரை முழுக்கக் கியரிலேயே இறங்கினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். புதிதாகச் சேருகிறவர்களுக்காவது பிடித்தம் வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே வழியில் லோடு இருக்கிறது.