பாட்டுக்கு ட்யூப் கண்டென்சர் மைக்: பாடிப் பார்த்ததும் கேட்டுப் பார்த்ததும்

உள்ளே ட்யூப் (பழைய ரேடியோவில் இருந்த மாதிரி வால்வு) வைத்த மைக் ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இதுவரை பாடியதெல்லாம் சாதாரண டிரான்சிஸ்டர் கண்டென்சர் மைக்கில்தான். குரல் தெளிவாக விழும், அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் மேல் ஸ்தாயியில் அழுத்திப் பாடினால் ஒரு கூர்மை வந்து காதைக் குத்தும், அதை ஈக்யூவில் (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் வசதி) தணித்தால் குரலில் இருந்த உயிரும் சேர்ந்து போய்விடும். ட்யூப் மைக் என்றால் இந்தத் தொல்லையே இருக்காது, குரல் இதமாக விழும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சரி, சொல்வதைக் கேட்டு வாங்குவதைவிடப் பாடிப் பார்த்து வாங்குவோம் என்று சில மைக்குகளை வாடகைக்கும் இரவலுக்கும் எடுத்து வந்து, எல்லாவற்றையும் ஒரே அறையில், ஒரே ப்ரீஆம்பில் (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்துப் பாடினேன். இப்போதைக்கு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: குரல் இதமாக விழுவதும் குத்துவதும் பெரும்பாலும் கேப்சூலின் (சத்தத்தை வாங்கி மின் சிக்னலாக மாற்றும் பகுதி) வேலை, ட்யூபின் பங்கு அதற்கு அப்புறம்தான்.

ட்யூப் அங்கே எதற்கு இருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். கண்டென்சர் கேப்சூலில் இருந்து வருகிற சிக்னலின் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) மிக மிக அதிகம், அதை நேராக ஒரு நீள கேபிளில் அனுப்பினால் வழியிலேயே வீணாகிவிடும். அதனால் கேப்சூலுக்குப் பக்கத்திலேயே அதைத் தாங்கி இறக்கித் தர ஒன்று வேண்டும். 1949-இல் நியூமன் கம்பெனியின் யு47 மைக் வந்தபோது அந்த வேலைக்கு ட்யூப்தான் இருந்தது, அதனால் விஎஃப்14 ட்யூபைப் போட்டார்கள். அந்த ட்யூப் தயாரிப்பு நின்றுபோன பிறகு, 1960-இல் இஎஃப்86 ட்யூபோடு யு67 வந்தது, 1967-இல் டிரான்சிஸ்டரோடு யு87 வந்தது. அந்தக் காலத்து இன்ஜினியர்கள் ட்யூபில் இருந்து எவ்வளவு சுத்தமான சிக்னல் எடுக்க முடியும் என்றுதான் பாடுபட்டார்கள், அதில் ஒரு தனிச் சாயல் ஏற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

யு67-இல் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, நான் மைக் தேடிய விதத்தையே மாற்றியது அதுதான். அதில் இருக்கும் கே67 கேப்சூல் மேல் அதிர்வெண்களைத் தூக்கித் தரும். அப்படித் தூக்கியதை மைக்கின் உள்ளேயே இருக்கும் சர்க்யூட் இறக்கிச் சமன் செய்துவிடும். கேப்சூலும் சர்க்யூட்டும் ஜோடியாக வடிவமைக்கப்பட்டவை. இன்றைக்குக் குறைந்த விலையில் வரும் பல மைக்குகளில் கே67 மாதிரி கேப்சூல் இருக்கிறது, ஆனால் அந்தச் சமன் செய்யும் சர்க்யூட் இல்லை. உள்ளே ட்யூப் இருந்தாலும் குரல் குத்தும், ‘ஸ’ எல்லாம் ஊசி மாதிரி வரும். நான் எடுத்து வந்த ட்யூப் மைக்குகளில் ஒன்று அப்படித்தான் இருந்தது. என் பழைய மைக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குத்தியது.

கேப்சூல் எந்த வகை என்று ஓரளவுக்குக் கண்ணாலேயே பார்க்கலாம். கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். தங்க முலாம் பூசிய டயஃப்ரத்தின் (சத்தத்துக்கு அதிரும் மெல்லிய படலம்) நடுவில் சின்னதாக ஒரு திருகு தெரிந்தால் அது கே67 அல்லது கே47 (நியூமனின் இன்னொரு கேப்சூல்) வழியில் வந்தது. நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஒயர் ஓரத்தில் பிடித்திருந்தால் ஏகேஜி கம்பெனியின் சி12 மைக் வழியில் வந்தது. கே67-ஆ கே47-ஆ என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம், அதை விற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கே47 வகையில் மேல் பக்கம் அவ்வளவு ஏறாது, நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும். சி12 வகையில் மேலே காற்றோட்டமாக ஒரு திறப்பு இருக்கும், மென்மையான குரலுக்கு அது அழகு.

பாடிப் பார்க்க நான் பாட்டு எதையும் எடுக்கவில்லை. ஸரிகமபதநி போதும். ‘ஸ’ சிபிலன்ஸை (சீறல் ஒலியை) காட்டிக் கொடுத்துவிடும், ‘ப’ காற்று அடிக்கிறதா என்று சொல்லிவிடும், ‘ம’வும் ‘நி’யும் மூக்கு வழியாக வரும்போது நடுப்பகுதி கெட்டியாக இருக்கிறதா, டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஒரு தடவை, மேல் ஸ்தாயியில் முழுக் குரலில் ஒரு தடவை, அப்புறம் வேகமான பிருகா கொஞ்சம். பிருகாவில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, எல்லாம் கலந்து குழைகிறதா என்பது மைக்குக்கு மைக் நன்றாகவே மாறுகிறது. ரெக்கார்டு செய்த பிறகு எல்லா டேக்கையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்து, எது எந்த மைக் என்று தெரியாமல் கேட்டேன். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நல்ல மைக் என்று காது சொல்லிவிடும்.

அப்படிக் கேட்டதில் கே47 வகை கேப்சூல் போட்ட ட்யூப் மைக் என் குரலுக்கு ஒட்டியது. மேல் ஸ்தாயியில் அழுத்தினாலும் குத்தவில்லை, கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவி) போட்டுக் கேட்டபோதும் ‘ஸ’ தன் இடத்திலேயே நின்றது. ட்யூபின் பங்கு எங்கே தெரிந்தது என்றால், முழுக் குரலில் பாடிய இடங்களில் விளிம்புகள் லேசாக உருண்டு விழுந்ததில். இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது, ஆனால் கேப்சூல் மாறினால் வரும் வித்தியாசத்தின் பக்கத்தில் அது சின்னது.

தூரம் இன்னொன்று. கார்டியாய்டில் (முன்பக்கத்தை முக்கியமாகக் கேட்கும் அமைப்பு) நெருங்க நெருங்க கீழ்ப்பகுதி பெருகும், பலர் ட்யூபின் இதம் என்று நினைப்பதில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சாண் தள்ளி நின்று, நடுவில் பாப் ஃபில்டர் (‘ப’ காற்றைத் தடுக்கும் திரை) வைத்துப் பாடுவது எனக்குச் சரியாக இருக்கிறது. இந்த மைக்கின் பவர் சப்ளை பெட்டியில் ஆம்னியில் (எல்லாப் பக்கமும் கேட்பது) இருந்து ஃபிகர் எய்ட் (முன்னும் பின்னும் கேட்பது) வரை பேட்டர்ன் மாற்றும் குமிழ் ஒன்று இருக்கிறது. கார்டியாய்டுக்கும் ஆம்னிக்கும் நடுவில் வைத்தால் அந்தப் பெருக்கம் அடங்கி, கிட்டே நின்றாலும் குரல் இயல்பாக விழுகிறது. பதிலுக்கு அறையின் சத்தம் கூடுதலாக வரும், அதனால் பின்னாலும் பக்கத்திலும் கனமான போர்வை தொங்கவிட வேண்டியிருந்தது. குமிழைத் திருப்பியதும் பாட ஆரம்பிக்கக் கூடாது, கேப்சூலில் வோல்டேஜ் நிலைக்கச் சில விநாடி ஆகும், அதுவரை சத்தம் ஏறி இறங்கும்.

இரைச்சல் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். ட்யூப் மைக்கின் செல்ஃப் நாய்ஸ் (மைக் தானே எழுப்பும் இரைச்சல்) பொதுவாக இன்றைய நல்ல டிரான்சிஸ்டர் மைக்கைவிடக் கூடுதல்தான். கிட்டே நின்று பாடும் குரலுக்கு 15 டெசிபல் சுற்றி இருந்தால் ஒன்றும் தெரியாது. முணுமுணுப்பாகப் பாடுபவர்கள் அந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆன் செய்து 15-20 நிமிடம் விட்டால் இரைச்சல் சமநிலைக்கு வரும். மைக் உடம்பை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், டிங் என்று மணி மாதிரி நீண்டு ஒலித்தால் அந்த ட்யூபை மாற்ற வேண்டியிருக்கும்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். உள்ளே பெரும்பாலும் நூறு வோல்டுக்கு மேல் ஓடுகிறது, அதனால் மைக்கையும் பவர் சப்ளையையும் இணைக்கும் பல பின் கேபிளை மாட்டிய பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும், அணைத்துக் கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். மைக்குக்குத் தனி பவர் சப்ளை இருப்பதால் இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம்) தேவையில்லை, அணைத்தே வைக்கலாம். ஈரப்பதம் கேப்சூலில் படிந்தால் படபடவென்று சத்தம் வரும் என்பதால் பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தக் கே47 வகை மைக்கையே வாங்கிவிட்டேன். கூட வந்த ட்யூபோடுதான் இப்போதைக்குப் பாடிக்கொண்டிருக்கிறேன். அதே வகையில் இரைச்சல் குறைவாக இருக்கும்படி பொறுக்கியெடுத்த வேறொன்று கிடைத்தால் போட்டு, இதே ஸரிகமபதநியைப் பாடி, பழைய டேக்குகளோடு சத்தம் சமன் செய்து கேட்டுவிட்டு எழுதுகிறேன்.