பாதுகாப்பு அலுவலர் வேலையும் ஓர் அனுபவச் சான்றிதழும்

பாதுகாப்பு அலுவலர் வேலையில் சேர்ந்தாயிற்று. ஆனாலும் பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவின் மீதுள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வேலைக்குத் தேவையான தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கப்போகும் இளைஞர்கள் என்னைப்போல் ஒரு காகிதத்துக்காக அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தகுதி விதி இதுதான். பொறியியல் பட்டம் என்றால் இரண்டு ஆண்டு, பட்டயம் என்றால் ஐந்து ஆண்டு, தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் ஒரு ஷிப்ட் முழுவதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் ஒதுக்குவது, டை எனும் அச்சை மாற்றுவது, யாருக்காவது அடிபட்டால் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். சான்றிதழிலோ பதவிப் பெயர், தேதிகள், ‘நன்னடத்தை உடையவர்’ என்ற ஒரு வரி. அவ்வளவுதான். சேர்க்கை அலுவலக எழுத்தர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

திருத்தம் கேட்டுப் பழைய நிறுவனத்துக்குப் போனேன். “எல்லோருக்கும் இதே படிவம்தான் சார், ஒருவருக்காக மாற்ற முடியாது” என்றார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி, மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தேன் என்று ஒரு வரி சேர்த்து வாங்கிக்கொண்டு போனால், அதே எழுத்தர் இப்போது வேறொன்றைச் சொன்னார்: கடிதத்தாளில் தலைமை அலுவலக முகவரிதான் இருக்கிறது, நான் வேலை பார்த்தது தொழிற்சாலைகள் சட்டத்தில் பதிவான ஆலை என்பதற்கு என்ன அத்தாட்சி? நியாயமான கேள்வி. முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். கடைசியில் காப்பாற்றியவர் என் பழைய ஆலை மேலாளர். ஷிப்ட் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, என் கீழ் எத்தனை பேர், என்ன இயந்திரங்கள், ஆலையின் உரிம எண் என்ன என்று அவரே தட்டச்சு செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை நீட்டியதும் எழுத்தர் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார்.

ஆகவே ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு உங்களுக்கு அங்கே ஆள் கிடையாது. ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் சான்றிதழில் ஒப்பந்ததாரர் பெயர்தான் வரும். ஆலை மேலாளரின் கடிதம் தனியாகத் தேவைப்படும். சில வாரங்களில் ‘சேஃப்டி டிப்ளமோ’ தருவதாக விளம்பரம் செய்யும் இடங்களில் பணத்தைக் கட்டுவதற்கு முன், அரசு அங்கீகரித்த படிப்பா என்று எழுத்தில் கேளுங்கள். நெபோஷ் எனும் பிரிட்டிஷ் பாதுகாப்புச் சான்றிதழ் வளைகுடா வேலைக்கு உதவும். இங்கே சட்டப்படியான பதவிக்கு அது மட்டும் போதாது.

படிப்பும் தேர்வும் சிக்கலின்றி முடிந்தன.

வேலைக்கான நேர்காணலில், அப்போது நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி (பாதுகாப்பு அலுவலர்), 21 (இயந்திரங்களுக்குத் தடுப்பு), 36 (ஆபத்தான புகை) என்று பிரிவுகளைக் கேட்டார்கள், சொன்னேன். பிறகு, “வாருங்கள், ஆலையைச் சுற்றி வருவோம்” என்று உள்ளே அழைத்துப் போனார்கள். தேர்வே அங்கேதான் தொடங்கியது. தீயணைப்பானின் தேதிச்சீட்டு, தலைக்கவசம் எல்லாம் யார் கண்ணிலும் படும். நான் ஒரு பவர் பிரஸ்ஸின் முன் நின்றுவிட்டேன். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் இறங்க வேண்டிய பிரஸ் அது. இடப்பக்கப் பொத்தானில் ஒரு மரச்சில்லைச் செருகி, மேலே துணி சுற்றியிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பையன் வலக்கையால் அழுத்திக்கொண்டே இடக்கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

நான் அதட்டவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த இந்தியில் ஏன் இப்படி என்று கேட்டேன். இரண்டு கையும் வைத்தால் ஷிப்ட் கணக்கு, அதாவது ஒரு ஷிப்டில் அடித்து முடிக்க வேண்டிய எண்ணிக்கை, முடியாது என்றான். தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று விதியில் இருப்பதன் அருமை அப்போதுதான் புரிந்தது. திட்டியிருந்தால் சில்லை எடுத்து மறைத்திருப்பான், நான் நகர்ந்ததும் திரும்பச் செருகியிருப்பான்.

மேலாளர் என் முகத்தைப் பார்த்தார். சில்லைப் பிடுங்கிப் போட்டால் போதாது என்றேன். இரண்டு பொத்தான்களையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தி, ஒவ்வொரு அடிக்கும் பிறகு இரண்டையும் விட்டால்தான் அடுத்த அடி இறங்கும்படி பிரஸ்ஸைக் கட்டுப்படுத்தும் மின் ரிலேயை மாற்ற வேண்டும். ஷிப்ட் கணக்கையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். பக்கத்தில் நின்ற உற்பத்தித் தலைவருக்கு இரண்டாவது யோசனை பிடிக்கவில்லை. மேலாளர் குறித்துக்கொண்டார்.

பணி நியமனக் கடிதம் வந்தபோது அதில் நான் உற்பத்தித் தலைவருக்குக் கீழ் என்று இருந்தது. பாதுகாப்பு அலுவலர் ஆலையின் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவர் என்று விதியே சொல்கிறது. ஷிப்ட் கணக்கை நிர்ணயிப்பவரிடமே அந்த மரச்சில்லைப் பற்றி அறிக்கை கொடுத்து என்ன ஆகப்போகிறது? விதியின் நகலை இணைத்துத் திருப்பி அனுப்பினேன். வேலை போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள். திருத்திய கடிதம் வந்தது. அதன் பிறகே கையெழுத்திட்டேன்.