70 மைல் வேகம், 4 மைல் வேகம்: கன்டர்ஸ்வில் ஏரியில் பாஸ் போட்டிகள்

அலபாமாவுக்குப் போகிறவர்கள் ஹன்ட்ஸ்வில்லில் ராக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கன்டர்ஸ்வில் ஏரிதான் எனக்கு இலக்கு. பாஸ் மீன் தூண்டில் போட்டிகள் என்றால் அமெரிக்காவில் முதலில் சொல்லப்படும் ஏரிகளில் இதுவும் ஒன்று. பெரிய மோட்டார் படகில் ஒரு போட்டி, ஒருவர் மட்டும் உட்கார்ந்து போகும் சிறிய கயாக் படகில் ஒரு போட்டி, இரண்டையும் ஒரே தண்ணீரில், ஒரே பருவத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. இலையுதிர் காலத்தில் அது கைகூடியது.

டென்னசி ஆற்றின் குறுக்கே டிவிஏ (டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்) 1939-ல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி இது. மேலே நிக்காஜாக் அணையிலிருந்து கீழே கன்டர்ஸ்வில் அணை வரை சுமார் 75 மைல் நீளம், ஏறத்தாழ 69,000 ஏக்கர் பரப்பு. ஆற்றில் வந்து சேர்ந்த ஓடைகளின் வாய்கள் எல்லாம் மூழ்கி, இன்று இரு பக்கமும் கைகளாக விரிந்து கிடக்கின்றன: ஸ்பிரிங் கிரீக், பிரவுன்ஸ் கிரீக், நார்த் சாட்டி, மட் கிரீக். ஆழம் குறைந்த அந்தக் கைகளில் ஹைட்ரில்லா, மில்ஃபாயில் என்னும் நீர்ப்பாசிகள் நீர்மட்டம் வரை வளர்ந்து, மேலே பாய் விரித்த மாதிரி மூடிவிடும். அந்தப் பாசிக்கு அடியில்தான் லார்ஜ்மவுத் பாஸ் கிடக்கும். நம்மூர் விராலைப் போல, பதுங்கியிருந்து பாய்கிற சாதி.

முதலில் பெரிய படகு. உள்ளூர் கிளப் ஒன்றின் போட்டியில் பின்தளத்து ஆளாகச் சேர்ந்தேன். படகுக்காரர் முன்தளத்தில் நின்று வீசுவார், படகு எங்கே போகவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். பின்னால் நிற்பவர் கிடைத்த இடத்தில் வீசிக்கொள்ள வேண்டும். 21 அடிப் படகு, பின்புறம் மாட்டிய 250 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். பாஸ்மாஸ்டர் போன்ற பெரிய தொடர்களிலும் மோட்டாருக்கு அதுதான் உச்சவரம்பு. பொழுது புலர்வதற்குள் துறைமுகத்தில் படகுகள் வரிசை கட்டின. எண் கூப்பிட்டதும் ஒவ்வொன்றாகப் பாய்ந்தன. உயிர்காப்பு அங்கியைப் பூட்டிக்கொண்டு, மோட்டாரை அணைக்கும் கயிற்றைப் படகுக்காரர் இடுப்பில் மாட்டிக்கொண்டாரா என்று நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகள் வேகமெடுக்கும்போது இந்த இணைப்பு இருந்தாக வேண்டும் என்பது 2021 ஏப்ரலிலிருந்து அமெரிக்கச் சட்டம்.

மணிக்கு 70 மைல் வேகத்தில் தண்ணீர் மேல் போவதை உட்கார்ந்து அனுபவித்தால்தான் தெரியும். படகின் அடிப்பாகம் பெரும்பகுதி தண்ணீரை விட்டு எழுந்துவிடுகிறது. கன்னத்துச் சதை ஆடுகிறது, கண்ணில் நீர் கோக்கிறது. அரை மணிக்குள் நாங்கள் ஸ்காட்ஸ்பரோ பக்கம் வந்து சேர்ந்திருந்தோம். அங்கே கால் மணி நேரம் வீசிவிட்டு, சரிப்படவில்லை என்று வேறு இடம். பிறகு பாலத்தடிப் பாறைகள். பிறகு மறுபடி மேலே.

பெரிய படகுப் போட்டியின் உயிர்நாடி இந்த ஓட்டம்தான். இருப்பதா, கிளம்புவதா? படகுக்காரர் நாள் முழுக்க இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் பாதி நேரம் சோனார் திரையில், மீதி நேரம் கைக்கடிகாரத்தில். சேர்ந்த ஐந்து மீன்களின் மொத்த எடைதான் கணக்கு. ஆறாவது மீன் கிடைத்தால் இருப்பதில் சிறியதை விட்டாக வேண்டும். மீனை உயிரோடு வைத்திருக்கும் லைவ்வெல் தொட்டிக்குள் ஒவ்வொரு மீனின் கீழ்த்தாடையிலும் ஒரு நிறக் கிளிப் தொங்கியது. சிவப்பு எது, மஞ்சள் எது, எது எத்தனை பவுண்டு என்று ஒரு சின்னப் பலகையில் குறித்து வைத்திருந்தார். மதியத்துக்கு மேல் வந்த ஒரு மீனையும் மஞ்சளையும் சின்னத் தராசுக் கோலின் இரு முனையில் தொங்கவிட்டுப் பார்த்தார். கோல் மஞ்சள் பக்கம் துளி சாய்ந்தது. புதியது தண்ணீருக்குத் திரும்பியது. அவ்வளவு நுட்பம் அந்தக் கணக்கில். திரும்பி வர ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு பவுண்டு கழிவு என்பதால், நல்ல இடம் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டே கிளம்பினோம்.

கயாக் போட்டி வேறு உலகம். பொது அனுமதி உள்ள எந்தக் கரையிலிருந்தும் இறங்கலாம் என்பது விதி. ஆகவே துறைமுகம் இல்லை, வரிசை இல்லை. எழுபத்தைந்து மைல் நீள ஏரியில் ஆளுக்கொரு மூலையில் இறங்கிவிடுவார்கள். நான் தேர்ந்தெடுத்தது மட் கிரீக். துடுப்புப் போட்டாலும் பெடல் மிதித்தாலும் மணிக்கு மூன்று, நான்கு மைல்தான் போகமுடியும். தப்பான ஓடையில் இறங்கிவிட்டால் அன்றைய பொழுது அங்கேயேதான். படகுக்காரர் நாளில் இருபது முறை எடுத்த அந்த முடிவைக் கயாக்காரர் முந்தின இரவே, வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஒரே தடவையாக எடுத்தாக வேண்டும். அதற்கப்புறம் அவருக்கு இருப்பது அந்த ஓடை மட்டும். அதன் ஒவ்வொரு பாசித் திட்டையும் படித்தே தீரவேண்டும்.

பாசிக்கு நடுவே கயாக்கை நிறுத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. பாய்க்கு அடியிலிருந்து 'டப்... டப்' என்று சின்னச் சின்ன வெடிப்பு. புளூகில் என்னும் சிறு மீனின் குஞ்சுகள் பாசியின் அடிப்பக்கத்துப் பூச்சிகளை உறிஞ்சுகிற ஒலி அது. புளூகில் இருந்தால் பாஸும் இருக்கும். முந்தைய நாட்களில் மோட்டார் சத்தத்திலும் தளத்தின் மேல் நடமாட்டத்திலும் இது எனக்குக் கேட்டதே இல்லை. ரப்பர் தவளையை வீசி, பாயின் மேல் மெல்ல இழுத்துவந்தேன். ஓட்டை ஒன்றை அது தாண்டும்போது பாசியே வெடித்தது. உடனே தூண்டிலைச் சுண்டக்கூடாது, மீன் தவளையோடு கீழே திரும்பக் கொஞ்சம் அவகாசம் தரவேண்டும். பிறகு சுண்டினால், பெரிய படகில் மீன் நம்மிடம் வரும். இங்கே நான்தான் மீனிடம் போனேன். பாசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது மீன், கயாக் அதை நோக்கி இழுபட்டுப்போய் மேலே நின்றது. கையை முழங்கை வரை விட்டுப் பாசியை விலக்கித் தாடையைப் பிடித்தேன்.

அடுத்து அளவு. கயாக் போட்டிகளில் எடை இல்லை, நீளம்தான். மடியில் அளவுப் பலகை. மூக்கு இடது ஓரத் தடுப்பில் ஒட்டவேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வால் முழுதும் படத்தில் தெரியவேண்டும், அன்றைக்கென்று காலையில் அனுப்பிய அடையாள எண் அட்டையும் படத்துக்குள் இருக்கவேண்டும். ஈரக்கையால் மீனின் மேல் லேசாகப் பொத்தினேன், ஒரு விநாடி அடங்கியது, படம் எடுத்தேன். 17.75 அங்குலம். கால் அங்குலக் கோட்டைத் தொடாத மிச்சம் கணக்கில் வராது. படம் எடுத்த கையோடு மீனைத் தண்ணீரில் விட்டேன், பிடித்த அதே ஓட்டையில்.

இங்கேதான் எனக்குக் கயாக் பக்கம் மனம் சாய்கிறது. 1967-ல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் இந்தப் போட்டிகளைத் தொடங்கிவைத்த ரே ஸ்காட், 1972-லேயே மீனைக் கொல்லாமல் திருப்பி விடும் வழக்கத்தைப் போட்டிக்குள் கொண்டுவந்தார். அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் லைவ்வெல்லில் மணிக்கணக்காக அலைந்து, பையில் ஏறி, மேடையில் எடை பார்க்கப்பட்டு, தன் இடத்திலிருந்து பத்திருபது மைல் தள்ளி விடப்படுகிற மீனுக்கும், இரண்டு நிமிடத்தில் தன் பாசிக்கடியில் மறைந்துவிடுகிற மீனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மேஜர் லீக் ஃபிஷிங் என்னும் இன்னொரு போட்டி அமைப்பு தன் போட்டிகளில் படகிலேயே எடை போட்டு அங்கேயே விடச் சொன்னபோது, பெரிய படகும் இந்தப் பக்கம் ஒரு அடி வந்தது. நீளக் கணக்கில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 20 அங்குல பாஸ் 4 பவுண்டும் இருக்கலாம், 6 பவுண்டும் இருக்கலாம். கொழுத்த மீனைத் தேடிப் பிடித்தவருக்கு அங்குலக் கணக்கில் கூடுதல் பலன் எதுவும் கிடையாது.

வேகம் இருந்தால் வெற்றி என்பதும் முழு உண்மை இல்லை. இதே ஏரியில் 2014-ல் நடந்த பாஸ்மாஸ்டர் தொடரின் பெரிய போட்டியான கிளாசிக்கில் ராண்டி ஹவல் கடைசி நாள் 11-ஆவது இடத்திலிருந்து எழுந்து 29 பவுண்டு 2 அவுன்ஸ் கொண்டுவந்து கோப்பையை எடுத்தார். அதற்கு அவருக்கு உதவியது ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்பிரிங் கிரீக் பாலத்துப் பாறைகள். அந்தப் பாலத்தை நான் கடந்தபோது, கயாக்கில் இறங்கியிருந்தால்கூட எட்டியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

ஆனால் எல்லாத் தண்ணீரும் ஓடை இல்லை. கன்டர்ஸ்வில்லின் நடு ஆற்றில் சரக்குத் தோணிகள் போகின்றன. அவை கிளப்பும் அலையில் கயாக் என்ன பாடுபடும் என்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியிலும் செயின்ட் கிளேர் ஏரியிலும் ஸ்மால்மவுத் என்னும் இன்னொரு வகை பாஸ் பிடிக்கப் போகிறவர்களுக்கு நீண்ட, கனமான படகு ஆடம்பரம் இல்லை, உயிர். 1948-ல் லூசியானாவில் ஹோம்ஸ் தர்மண்ட் செய்த ஸ்கீட்டரைத்தான் முதல் பாஸ் படகு என்பார்கள். அதுவே ஒடுங்கிய, இலேசான படகுதான். அணைகளால் ஏரிகள் அகன்றன, படகுகளும் கூடவே பெருத்தன என்று நினைக்கிறேன்.

கிளப் படகுக்காரரிடம் ஒன்று கேட்டேன்: இரண்டு தரப்பும் ஒரே போட்டியில் மோத முடியாதா? எடையா, நீளமா என்பதிலேயே சண்டை வந்துவிடும் என்றார். எனக்கு முடியும் என்றே படுகிறது. மட் கிரீக்கை மட்டும் எல்லையாக வைக்கட்டும். பெரிய படகுகள் அவுட்போர்டைக் கிளப்பாமல் மின்சார ட்ரோலிங் மோட்டாரோடு மட்டும் வரட்டும். அளவு அங்குலத்தில், மீன் அந்த இடத்திலேயே தண்ணீருக்கு. இரு தரப்பிலும் ஐந்தைந்து மீன். அப்படி ஒன்று நடந்தால் நுழைவுக் கட்டணம் கட்டுகிற முதல் ஆள் நான்தான். அந்தப் படகுக்காரரும் எதிர்த் தரப்பில் இருக்கவேண்டும்.