கடைசி வரிசையில் ஒரு செக்ரட்டரி

சந்தா வாங்கி நாடகம் நடத்திவந்த எங்கள் அம்பத்தூர் சபா மூடியதற்கு டிவிதான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொல்பவர் பெரும்பாலும் பழைய கமிட்டிக்காரராக இருப்பார், அதனால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ரசீதுப் புத்தகத்தோடும் பேரேட்டோடும் குடித்தனம் நடத்தியவன் நான். கணக்கு எழுதியவனுக்கு என்ன தெரிந்ததோ அதை இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

1986-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சும்மாதான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் இருந்த வங்கி அதிகாரி ஒருவர் கையோடு கூட்டிப்போய்ச் சபாவில் சேர்த்துவிட்டார். சம்பளம் மாதம் 150 ரூபாய். பதவியின் பெயர் ஆபீஸ் அசிஸ்டென்ட். ஆபீஸ் என்று ஒன்று கிடையாது, செக்ரட்டரி வீட்டுத் திண்ணையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது, அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்குவது, சர்க்குலரை மடித்துப் புக் போஸ்டில் போடுவது, நிகழ்ச்சி அன்று வாசலில் நின்று மெம்பர் கார்டில் ஓட்டை போடுவது, எல்லோரும் போனபிறகு வாடகை நாற்காலியை எண்ணுவது, இவை என் வேலை.

சபா பிறந்ததே தூரத்தினால்தான் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். எழுபதுகளில் அம்பத்தூர்க்காரர் ஒரு நல்ல நாடகம் பார்க்க வேண்டுமென்றால் மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ போக வேண்டும். ஒன்பதரைக்கு முடிந்து, பஸ் பிடித்து, சென்ட்ரல் வந்து, ரயிலுக்காகக் காத்திருந்து, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு சேரும்போது மறுநாள் பிறந்திருக்கும். காலை ஏ ஷிஃப்ட் போகிறவனுக்கு இது கட்டுமா? அதனால் ரயில்வே, டெலிபோன், வங்கி, பேட்டைத் தொழிற்சாலைகள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் வேலை பார்த்த நாலைந்து பேர் சேர்ந்து, நாடகத்தையே இங்கே கூட்டி வருவோம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். இடம் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடம்.

அந்தக் காலத்துச் சபா நாடகத்தின் பொருளாதாரம் ரொம்ப எளிமையானது. ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுஏஏ நாடகக் குழு 1952-ல் தொடங்கியது, பிறகு பாலசந்தர், சோ, மௌலி, விசு, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் என்று ஒரு பெரிய வரிசை வந்தது. இதில் பலர் ஆபீஸ் உத்தியோகத்தோடு நாடகம் போட்டவர்கள். பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில், இருந்தவர். மேடையில் இருந்தவரும் எதிரே உட்கார்ந்தவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி டிபன் பாக்ஸ் தூக்கியவர்கள். சபா மெம்பர்களிடம் முன்கூட்டியே சந்தா வாங்கிவிடும், குழுவுக்கு ஒரு தொகை பேசிவிடும், டிக்கெட் விற்குமா என்ற கவலை இல்லாமல் அவர்கள் இன்றைக்கு அம்பத்தூர், நாளைக்கு நங்கநல்லூர் என்று செட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு சுற்றுவார்கள். (நாடகப் பிரதிக்குப் போலீஸ் அனுமதி வாங்கிய கடிதத்தின் நகலை நான் கோப்பில் வைக்க வேண்டும். 1954-ம் வருஷத்துச் சட்டம் அது. 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது. அதற்குள் எங்களிடம் நாடகமே இல்லை.)

ஒரு கார்டுக்கு இரண்டு பேர், மாதம் பத்து ரூபாய், இரண்டு நிகழ்ச்சி. நான் சேர்ந்தபோது 600 கார்டுக்கு மேல் இருந்தது. ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் சைக்கிளை எடுப்பேன். இருபது தேதிக்குள் எல்லாத் தெருவும் முடிய வேண்டும். சந்தா கொடுக்கிறவர் சும்மா கொடுக்க மாட்டார், கூடவே ஒரு குறையும் தருவார். "போன நாடகத்துல தலைக்கு மேல தொங்குற மைக் ஒரே கரகரப்பு." "நாற்காலில மூட்டைப்பூச்சிப்பா, குழந்தை ராத்திரி பூரா சொறிஞ்சுண்டே இருந்தா." இந்த வாரம் பி ஷிஃப்ட், கார்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா என்பார் ஒருவர். (கூடாது என்பது விதி. கொடுங்கள் சார் என்பேன்.) பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்று, இரண்டு மாதம் சந்தா தள்ளி வரும், பெயரை அடித்துவிடாதே என்பார் இன்னொருவர்.

டெலிபோன்ஸில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். பத்து ரூபாயையும் சில்லறையாகத்தான் கொடுப்பார், நான் எண்ணி முடிக்கும்வரை விட மாட்டார். ஒரு நாள் சொன்னார்: "தம்பி, கடைசி ரெண்டு வரிசைக்கு வசனமே வந்து சேரலை. எல்லாரும் சிரிக்கிறா, நாங்க அவா முதுகைப் பார்த்துச் சிரிக்கிறோம். உங்க செக்ரட்டரி முன்னாடி உக்காந்தா அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் அப்படியே போய்ச் சொன்னேன், கொஞ்சம் பயந்துகொண்டுதான். செக்ரட்டரி ரயில்வேக்காரர், முன்கோபி. கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாடகத்துக்கு மைக் செட்காரரிடம் பின்னால் இரண்டு பெட்டி கூடுதலாக வைக்கச் சொன்னார், மணி அடித்ததும் நேராகப் போய்க் கடைசி வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பதவியில் இருந்தவரை அந்த நாற்காலிதான் அவருடையது.

டிவி வரவில்லையா என்றால், வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் தமிழ்ப் படம், அன்றைக்கு ஒருத்தரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். நிகழ்ச்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம், தீர்ந்தது. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது ஊரே அடைத்துக்கிடந்தது, மாதக் கடைசி நிகழ்ச்சியை ரத்து செய்தோம். ஜனவரியில் சந்தாவுக்குப் போனால் ஒரு வீட்டில்கூடப் பாதிப் பணம் கழித்துக்கொள் என்று கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சரி, அப்புறம் எங்கே சறுக்கியது? என் கணக்குப்படி 1995 பொதுக்குழுவில். அப்போது ரயில்வேக்காரர் ஓய்வெடுத்துக்கொண்டு புதியவர் வந்திருந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், எதையும் சீராகச் செய்ய வேண்டும் என்பவர். மாதாமாதம் ஒரு ஆள் தெருத்தெருவாக அலைவது என்ன நாகரிகம், வருஷச் சந்தாவாக ஒரே தடவை செக் வாங்கிவிடலாமே என்றார். கமிட்டி என்னைக் கேட்டது. நான் என்ன சொன்னேன்? நல்லதுதான் சார் என்றேன். மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்திருந்தது, சம்பளத்தில் 200 ரூபாய் கூட்டித் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். இதில் என் பங்கை மறைப்பானேன்.

மாதம் பத்து ரூபாய் கொடுத்தவர்கள் எல்லோராலும் வருஷப் பணத்தை மொத்தமாக எடுத்துவைக்க முடியவில்லை. அதைவிட, கொடுக்க முடிந்தவர்களே யாராவது வந்து கேட்டால் கொடுப்போம் என்று இருந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் கார்டு பாதியாகிவிட்டது. அதே சமயம் விளம்பரதாரர்கள் வர ஆரம்பித்தார்கள், நகைக்கடை, மனை விற்பவர்கள், ஃபைனான்ஸ் கம்பெனிகள். இதனால் என் பேரேட்டில் ஒரு விநோதம். மெம்பர் எண்ணிக்கை இறங்குகிறது, மொத்த வரவு ஏறுகிறது. பொதுக்குழுவில் மொத்த வரவைத்தான் வாசிப்பார்கள், கை தட்டுவார்கள். வாசிக்கிற தாளைத் தயார் செய்தவன் நான்.

அந்த உற்சாகத்தில் சொந்தக் கட்டிடம் என்ற ஆசை வந்தது. கட்டிட நிதியில் பெரும்பகுதியை அதிக வட்டி கிடைக்கும் என்று ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் இப்படிப்பட்ட கம்பெனிகள் எத்தனை கதவைச் சாத்தின என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். எங்கள் கம்பெனியும் சாத்தியது. ஒரு நாள் காலை நானும் பொருளாளரும் போனபோது பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நூறு பேர் நின்றார்கள், அதில் ஏழெட்டு பேர் எங்கள் மெம்பர்கள். எங்களைப் பார்த்துப் போட்டவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

அதன்பிறகு அனுமதி இலவசம் என்று ஆனது. கூட்டம் முதலில் அதிகமாகவே வந்தது. ஆனால் ஏழு மணி நாடகத்துக்கு முன் ஸ்பான்சருக்குப் பொன்னாடை, ஸ்பான்சரின் சகோதரருக்குப் பொன்னாடை, வார்டு பிரமுகருக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் ஐந்து நிமிஷம் பேச வாய்ப்பு, அதை யாரும் ஐந்து நிமிஷத்தில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. எட்டு மணிக்குத் திரை தூக்குவார்கள். முதல் வரிசையில் செக்ரட்டரி, இரு பக்கமும் ஸ்பான்சர்கள். பின்னால் ஒவ்வொருவராக எழுந்து போவதை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். போகிறவர் யாரும் என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. காசு கொடுக்காத இடத்தில் என்ன சண்டை! கரகரக்கும் மைக்கைப் பற்றி அந்தப் பத்து வருஷத்தில் ஒரு புகார் வரவில்லை. மைக் முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது.

நாடகக் குழுக்களும் குறைந்துபோயின, பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம் என்று ஓட்டினோம். 2016 டிசம்பரில் ஒரு வாரம் இசை விழா என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. நவம்பர் 8-ல் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு, ஸ்பான்சர்கள் கையை விரித்தார்கள். டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார். 12-ம் தேதி வர்தா புயல், பள்ளிக்கூடத்து வேப்பமரம் மேடை வாசலிலேயே சாய்ந்தது. விழா நடக்கவில்லை. நடக்கவில்லையா என்று கேட்டு ஒரு போன் வரவில்லை. 1987 ஜனவரி இல்லை, 88 ஜனவரி, அந்த வசூல் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன்.

2020 மார்ச்சுக்குப் பிறகு எதுவும் நடத்தவில்லை. திரையையும் பாத்திரங்களையும் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் எடுத்துக்கொண்டார். மீதி ஒரு வைப்புத்தொகை, 40,000 ரூபாய், ரயில்வேக்காரர் காலத்தில் தேசிய வங்கியில் போட்டது. கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். பணத்தை எடுக்க வேண்டுமென்றால் புது நிர்வாகிகள் பட்டியல் பதிவாகியிருக்க வேண்டும், அதைப் பதிய விட்டுப்போன வருஷங்களின் தணிக்கைக் கணக்கு எல்லாம் சங்கப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், தாமதத்துக்குக் கட்டணம் வேறு. அதைத் தீர்மானிக்கப் பொதுக்குழு கூட்ட ஆள் இல்லை. அதனால் அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு கிடக்கிறது. போன் நம்பர் ஒன்று வேண்டும் என்று வங்கியில் கேட்டபோது என் நம்பரைக் கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரவு வைத்ததாகச் செய்தி வருகிறது. பழக்கதோஷம், பேரேட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதி வைத்துவிடுகிறேன்.